துக்க ஆண்டில் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டலாமா?

கேள்வி:
என் மாமியார் அக்டோபரில் காலமானார். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்ததும் வாசல்தோறும் நட்சத்திரம் ஏறிவிடும் என்பதால், நம் வீடு மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது என்று ஏழு வயது மகள் கேட்கிறாள். கட்டினால் உறவினர் மனம் வருந்துமோ என அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
சகோதரி, என் தந்தை மறைந்த ஆண்டில் வண்ண விளக்குகளையும் பலகாரத்தையும் தவிர்த்தோமே தவிர, இயேசு பிறப்பைக் காட்டும் குடிலைக் கைவிடவில்லை. பத்து நாள் முன்பே தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தோம்; அப்பா வழக்கமாகச் செய்யும் வேலை அது. பச்சை முளைத்ததும் அதைக் குடிலின் முன் வைத்து, 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகே குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கிடத்தினோம். அம்மா அன்றுதான் மனம்விட்டு அழுதார்.

மறுமொழி 2:
திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று தொடங்குகிறது. அது ஆரவாரத்துக்கு உரியதன்று, காத்திருப்புக்கு உரியது. 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலும் எளிமையானதே. ஆகவே ஒற்றை வெள்ளை நட்சத்திரம் துக்கத்துக்கு முரணாகாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3:
முதலில் உங்கள் கணவரிடமும் நாத்தனாரிடமும் கேளுங்கள். இழப்பு அவர்களுடையதும் அல்லவா?