உடல் எடையைக் குறைக்க ஹிப்னாடிசம் உதவுமா?

நங்கநல்லூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. துரைப்பாக்கத்தில் வேலை முடித்து வீடு சேர இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. இரண்டு தோசையோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன். ஆனால் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படி விளக்கை அணைக்கப் போகும்போது, பசியே இல்லாத நிலையிலும், என் கை மேல்தட்டில் இருக்கும் மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறது. நின்றபடியே தின்று, டப்பாவின் அடி தெரியும்போதுதான் எனக்கு நினைவு வருகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் இரண்டு முறை 6 கிலோ வரை குறைத்தேன், இரண்டு முறையும் அது திரும்ப ஏறிவிட்டது.

அண்ணா நகரில் ஒரு மையத்தில், ஆறு அமர்வுகளுக்கு 24,000 ரூபாய் கட்டினால், அறுவை சிகிச்சையால் இரைப்பையில் பட்டை போட்டுச் சுருக்கியதாக ஆழ்மனத்தை நம்பவைத்து 15 கிலோ குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். “மனோவசியம் எல்லாம் வேண்டாம், பிறர் ஆட்டுவித்தபடி ஆடுவாய்” என்று என் அம்மா அஞ்சுகிறார். இதில் உண்மை எவ்வளவு என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மனநல மருத்துவர், ராயப்பேட்டை:

அம்மா, உங்கள் தாயாரின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். ஆனால் அது உறக்கமன்று. பள்ளிகொண்ட பெருமாளுக்கு நாம் சொல்லும் ‘அறிதுயில்’ என்ற சொல்லே இதற்கு மிகவும் பொருந்துகிறது. கண்கள் மூடியிருக்கும், உடல் தளர்ந்திருக்கும், சொல்லப்படுவது காதில் விழும், விருப்பமில்லாததை மறுக்கவும் முடியும். மேடை வித்தைகளைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் இந்த அச்சம் வளர்ந்தது.

எடைக்கு வருவோம். அறிதுயில் கொழுப்பைக் கரைக்காது. உணவை நோக்கிக் கை நீளும் அந்தக் கணத்தில் சற்று நிற்கப் பழக்குவதே அதனால் ஆகக்கூடியது. 1995-இல் இர்விங் கிர்ஷ் என்ற உளவியலாளரின் குழுவினர், நடத்தை மாற்றச் சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்தால் பலன் பெருகுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து அறிவித்தனர். அந்தக் கணக்கில் பிழைகள் இருப்பதையும், ஐயத்துக்குரிய ஓர் ஆய்வை நீக்கினால் பலன் வெகுவாகச் சுருங்கிவிடுவதையும் வேறு இருவர் 1996-இல் எடுத்துக்காட்டினர். கிர்ஷ் திருத்தி வெளியிட்ட கணக்கிலும்கூட, ஹிப்னாடிசம் இல்லாதவர்கள் சராசரியாக 2.7 கிலோவும், அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் 5.4 கிலோவுமே குறைந்திருந்தனர். 1998-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயுள்ள 60 பருமனான நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்கள், உண்ணும் அளவைக் குறைப்பதற்கான ஹிப்னாடிசம் பெற்றவர்கள், மன இறுக்கத்தைத் தணிப்பதற்கான ஹிப்னாடிசம் பெற்றவர்கள் என மூன்று பிரிவினரும் முதல் மூன்று மாதங்களில் சிறிதளவு குறைந்தனர். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு குறைவு நிலைத்தது மூன்றாம் பிரிவினரிடம் மட்டுமே. அதுவும் சராசரியாக 3.8 கிலோதான்.

நீங்கள் பசியால் அல்ல, நாள் முழுவதும் சேர்ந்த இறுக்கத்தால் உண்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுவதால், இந்த முடிவை முக்கியமானதாகக் கருதுகிறேன். உங்களுக்கு ஓரளவு உதவ வாய்ப்புண்டு. ஆனால் 15 கிலோ என்று முன்கூட்டியே எண் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். உடல் பருமனுக்கு மருந்தோ மாய நிவாரணமோ இருப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே நம் நாட்டில் இருக்கிறது. மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ நாடுங்கள். அமர்வைத் தமிழிலேயே நடத்தச் சொல்லுங்கள், ஏனெனில் வீட்டில் பேசும் மொழியில் கேட்கும் சொல்தான் மனத்தில் இறங்கும்.

பெரம்பூர் அண்ணன்:

சகோதரி, நான் இதை நேரில் கண்டவன். ஓர் உளவியலாளரிடம் ஐந்து அமர்வுகள் சென்றேன். முதல் அமர்வில் ஹிப்னாடிசமே இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்று, என்ன மனநிலையில் தின்கிறேன் என்பதை ஒரு வாரம் நோட்டில் எழுதி வரச் சொன்னார். அதன் பின்னர், கண்களை மூடி மூச்சு தளர்ந்த நிலையில், எங்கள் வீட்டு அலமாரியின் முன் நான் நிற்பதைக் காணச் சொல்லி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தியபடி மூன்று முறை மெதுவாக மூச்சுவிடப் பழக்கினார். இப்போது முறுக்கு டப்பாவின் மூடியில் கை வைத்தாலே அந்த விரல்கள் தாமாகச் சேர்கின்றன. பத்து மாதங்களில் 5 கிலோ குறைந்தேன். அதே மாதங்களில் இரவுச் சோற்றைப் பாதியாக்கி, காலையில் நாற்பது நிமிடம் நடக்கவும் தொடங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் தினமும் பன்னிரண்டு நிமிடம் தனியாகப் பழகினேன். அதைவிட்ட இரண்டு வாரங்களில் பழைய வழக்கம் மெல்லத் தலைகாட்டியது.

தாம்பரம் வாசகி:

எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஒரு மையத்தில் 30,000 ரூபாய் கட்டி, எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுக்கும் ஒலிப்பதிவை எட்டு மாதங்கள் கேட்டேன், எடை ஏறியதே தவிர இறங்கவில்லை. பிறகு எங்கள் குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னபோதுதான் தைராய்டு குறைபாடு இருப்பது தெரிந்தது. அந்த மையத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

ராயப்பேட்டை மருத்துவர்:

தாம்பரம் அம்மா சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 25-ஐ எட்டினாலே உடல் பருமன் என்று கொள்கிறோம். உங்களுடையது 31-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே பொது மருத்துவரின் கவனிப்பு அவசியம், ஹிப்னாடிசம் அதற்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும். காதில் குரல் கேட்பது போன்ற கடும் மனநோய் எப்போதாவது இருந்திருந்தால், மனநல மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

நங்கநல்லூர் வாசகி:

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அறிதுயில்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த கலக்கம் குறைந்தது. நாளை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறேன். இன்றிரவிலிருந்து நோட்டில் எழுதவும் தொடங்குகிறேன். அதை மிக்சர் டப்பாவின் மேலேயே வைத்திருக்கிறேன்.