புதுப்பிப்பு: ஓநாய் மனிதன் கட்டுரை எதுவரை வந்திருக்கிறது

ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய ‘வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்’ (1935) என்ற ஹாலிவுட் படத்தின் விக்கிப்பீடியா கட்டுரையைத் திருத்தப்போவதாகப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? பாதி முடிந்தது.

முதலில் என் தப்பு. ‘உலகின் முதல் ஓநாய் மனிதன் படம்’ என்று நானே சேர்த்திருந்தேன். 1913-லேயே ‘தி வேர்வுல்ஃப்’ என்ற மௌனக் குறும்படம் வந்துவிட்டது, இன்று அதன் பிரதி எதுவும் இல்லை. அதனால் ‘ஹாலிவுட்டின் முதல் முழுநீள ஓநாய் மனிதன் படம்’ என்று மாற்றிவிட்டேன்.

அப்புறம் ஒப்பனை விவகாரம். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் முகம் நிறைய ரோமம் ஒட்ட நினைத்தார், நாயகன் ஹென்றி ஹல் மறுத்தார். மணிக்கணக்கில் உட்கார அவருக்குப் பொறுமையில்லை என்பது பழைய கதை. கதைப்படி மற்றவர்கள் தன்னை அடையாளம் காண வேண்டுமே என்று அவர் வாதாடினார் என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, ஆனால் கலைக்களஞ்சியத்தில் என் அபிப்பிராயத்துக்கு ஏது இடம்? இரண்டையும் சேர்த்திருக்கிறேன். பியர்ஸ் நினைத்திருந்த அடர்ந்த ரோம முகம் 1941-இல் ‘தி வுல்ஃப் மேன்’ படத்தில் நடிகர் லான் சேனி ஜூனியருக்குப் போனதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டேன்.

கதைச்சுருக்கம்தான் பாக்கி. திபெத்தில் நிலவொளியில் பூக்கும் மலரைத் தேடிப்போகும் தாவரவியலாளர் கடிபடுகிற இடத்திலேயே இருநூறு சொல் ஓடிவிட்டது. குறைக்க வேண்டும்.