இழை: கைவினை மீட்சியா, மீட்பா? (வெள்ளிக்குள் வேண்டும்)

நூலிழை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசரம். முதுநிலை மாணவர்களுக்கான பாடத்தொகுப்பில் ஓர் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அனுப்பியாக வேண்டும். இயந்திர உற்பத்தி வந்து ஓய்ந்துபோன வேலைமுறைகள் சில துறைகளில் ஏன் திரும்பி வருகின்றன, வரும்போது அந்தத் துறையின் எழுதிய விதியும் எழுதாத விதியும் எப்படி மாறுகின்றன என்பதுதான் பொருள். தலைப்பில் உள்ள இரண்டு தொடர்கள் படுத்துகின்றன: கிராஃப்ட் ரிவைவல், இன்ஸ்டிட்யூஷனல் சேஞ்ச்.

"கைவினை மறுமலர்ச்சியும் நிறுவன மாற்றமும்" என்று போட்டிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி படித்துவிட்டு, "நிறுவன மாற்றம்னா ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போறதா மேடம்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. உதவுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

அம்மா, மாணவி கேட்டது சரிதான். ஆனால் அதற்கு முன்பே, கைவினையிலேயே கோளாறு இருக்கிறது. கைவினை என்றதும் படிப்பவர் கண்முன் கூடையும் களிமண் பொம்மையும் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் இயலில் கைக்கடிகாரமும் பீரும் வரும் என்று ஊகிக்கிறேன். எஃகுத் தொட்டியில் பீர் வடிப்பவரின் வினையில் கை எங்கே? அங்கே பேசப்படுவது வேலையை ஒழுங்குபடுத்தும் ஒரு முறை. செய்பவரின் பயின்ற அறிவுக்கும் தீர்ப்புக்கும் முதலிடம் தருகிற முறை.

இதற்கு நம்மிடம் மிக மூத்த சொல் இருக்கிறது: கம். தொல்காப்பியர் "ஈமும் கம்மும் உருமென் கிளவியும்" என்று அதற்குப் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறார். கம் என்றால் கம்மியர் தொழில் என்பது உரை. கம், கம்மியர், கம்மாளர் என்று ஒரு குடும்பமே நிற்கிறது. ஆகவே "கம்மிய மீட்சி" என்பது என் பரிந்துரை.

தெருவிளக்கு எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்மிய மீட்சி என்றால் "மீண்டது, ஆனால் ரொம்பக் கம்மியாக" என்றுதான் என் காதில் விழுகிறது.

பழஞ்சுவடி எழுதியது:

"குறைவு" என்ற பொருளில் வரும் கம்மி பாரசீகத்துச் சரக்கு. பிற்பாடு வந்த விருந்தாளிக்காக வீட்டுக்காரன் பெயரை மாற்றிக்கொள்வதா? சரி, வேண்டாம் என்றால் நுண்வினை. சிலப்பதிகாரத்தில் "நுண்வினைக் காருகர்", அதாவது நெசவாளர், வருகிறார்கள். கையும் இல்லை, கூடையும் இல்லை. திறம் மட்டும் இருக்கிறது.

ஓய்வூதியன் எழுதியது:

மட்டுறுத்துநராக அல்ல, உறுப்பினராகச் சொல்கிறேன். கம்மியை வெளியே தள்ளிவிட்டு, வடமொழிக் காருகனின் கையைப் பிடித்துக்கொண்டு நுண்வினையை உள்ளே அழைத்து வருகிறீர்களே ஐயா! அது போகட்டும். இன்றைக்கு நுண் என்றால் நுண்ணுயிர், நுண்கடன். நுண்வினை என்று எழுதினால் வேதியியல் மாணவர்கள் வந்து நிற்பார்கள்.

இழை திசைமாறுகிறது. அவசரம் தலைப்புக்கு.

பனங்கூடல் எழுதியது:

கைவினை இருந்துவிட்டுப் போகட்டும் என்றே நினைக்கிறேன். உண்மையான சண்டை மறுமலர்ச்சியில் இருக்கிறது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கும் இலக்கிய மறுமலர்ச்சிக்கும் அது பட்டா எழுதப்பட்டுவிட்டது. தவிர, மலர்ச்சி என்பது தானாக நடப்பது. பூவை யாரும் மலர்த்துவதில்லை.

பழஞ்சுவடி ஐயா போகிறபோக்கில் மீட்சி என்றார். அதுவும் தானாக நடப்பதுதானே? மீள் தன்வினை, அதிலிருந்து மீட்சி. ஆள்–ஆட்சி, நீள்–நீட்சி போல. மீட்டல் பிறவினை, அதிலிருந்து மீட்பு. கைவினை தானே மீண்டதா, யாராவது மீட்டார்களா? இந்த ஆய்வுகளின் கேள்வியே அதுதான். எந்தச் சொல்லைப் போட்டாலும் விடையையும் சேர்த்துத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

கடிகாரத்தையே எடுங்கள். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் (மின்கலத்தில் ஓடும்) கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970இல் ஏறக்குறைய 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் துறையில் 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். இயந்திரக் கடிகாரம் செத்துவிட்டது என்றே எல்லோரும் எழுதினார்கள். அந்த நேரத்தில்தான் பிளாங்பேன் என்ற பழைய சுவிஸ் கடிகாரப் பெயரை வாங்கிய இருவர், நாங்கள் குவார்ட்ஸ் கடிகாரம் செய்ததும் இல்லை, செய்யப்போவதும் இல்லை என்பதையே விளம்பரமாக்கினார்கள். இது மலர்ச்சியா? ஆள் இறங்கிச் செய்த வேலை. எனவே மீட்பு.

தெருவிளக்கு எழுதியது:

மீட்பு என்றால் தீயணைப்பு வண்டி, கயிறு, தலைக்கவசம். இல்லாவிட்டால் மீட்பர். இரண்டுக்கும் நடுவே கடிகாரத்தை எங்கே வைப்பது?

ஆனால் என் தடை வேறு. கிணற்றில் விழுந்த வாளியை மீட்டால் கைக்கு வருவது அதே வாளி. சுவிஸ் கடிகாரத்தில் அப்படி நடக்கவில்லை. மேலாண்மை ஆய்வாளர் ரயன் ரஃபேலி இந்தத் துறையின் 1970 முதல் 2008 வரையான காலத்தை ஆராய்ந்து எழுதியதன் சாரமே அதுதான்: போனது நேரம் காட்டும் கருவி, வந்தது பரம்பரையும் அழகும் அந்தஸ்தும் காட்டும் பொருள். நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதில் குவார்ட்ஸிடம் அது இன்றைக்கும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வாளி போய்ப் பூச்சாடி வந்திருக்கிறது. இதற்கு "மீளெழுச்சி" பொருந்தும்.

பழஞ்சுவடி எழுதியது:

மீளெழுச்சியா, மீள்ளெழுச்சியா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தனிக்குறிலுக்கு அடுத்த ஒற்றுதான் உயிர் வந்தால் இரட்டும். கள்+எடு கள்ளெடு ஆகும். மீ நெடில், ஆகவே மீளெழுச்சி சரி. சொல் சரி என்று நான் சொல்லவில்லை, புணர்ச்சி சரி என்கிறேன்.

நூலிழை எழுதியது:

யாரும் கேட்கவில்லை ஐயா, ஆனாலும் நன்றி. :)

பனங்கூடல் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. இந்த இயலிலேயே பெயர் மாற்றக் கதை ஒன்று வருகிறது. 1971இல் நான்கு ஆங்கிலேயர்கள், பெரிய ஆலைகளின் சுத்திகரித்த, வாயு ஏற்றிய பீர் பிடிக்காமல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இயக்கத்தின் பெயரில் முதலில் ரிவைட்டலைசேஷன் என்ற சொல் இருந்தது. தமிழில் சொன்னால் "ஏல் புத்துயிர்ப்பு இயக்கம்" (ஏல் ஒரு பீர் வகை). 1973இல் அதைத் தூக்கிவிட்டு "ரியல் ஏல்" என்று வைத்தார்கள். பீப்பாயிலேயே முதிர்ந்து, வெளியிலிருந்து வாயு ஏற்றாமல் ஊற்றப்படும் ஏல் என்று அதற்கு வரையறையும் கொடுத்தார்கள். புத்துயிர்ப்பு என்ற சொல்லால் நடக்காததை "அசல்" என்ற ஒரு சொல் நடத்திவிட்டது. ஒரு துறையின் எழுதாத விதி கலைச்சொல்லால் மாறியிருக்கிறது. நாம் இங்கே கெஞ்சுவதும் அதைத்தானே?

தெருவிளக்கு எழுதியது:

பார்த்தீர்களா, நாக்கில் புரளும் சொல்தான் நின்றது. தொல்காப்பியரே "கடிசொல் இல்லை காலத்துப் படினே" என்றுவிட்டார். எனவே கைவினை, நிறுவனம் எல்லாம் இருக்கட்டும், புழங்குகிற சொற்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

அந்த நூற்பாவை இந்தக் குழுவில் எத்தனை முறை இழுத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் தனி ஆய்வே செய்யலாம். காலம் ஏற்றுக்கொண்ட சொல்லைக் கடியக்கூடாது என்கிறாரே தவிர, தேடச் சோம்பல்பட்டு விட்ட சொல்லையும் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. நிறுவனம் என்ற சொல்லில் பகுதி தமிழ். அந்த "அனம்" ஈறுதான் ஆசனம், சாதனம் என்று எங்கேயோ போய்க் கைகோக்கிறது.

ஓய்வூதியன் எழுதியது:

ஈறு எப்படியும் போகட்டும் ஐயா, பொருள்தான் பிழைக்கிறது. 1993இல் பொருளியல் நோபல் வாங்கிய டக்ளஸ் நார்த் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்: இன்ஸ்டிட்யூஷன் என்பது ஆட்ட விதி, ஆர்கனைசேஷன் என்பது ஆட்டக்காரர். நாம் இரண்டையும் நிறுவனம் என்கிறோம். விதியையும் ஆட்டக்காரரையும் ஒரே பெயரால் கூப்பிட்டுவிட்டு, விதி எப்படி மாறியது என்று ஒரு மாணவிக்கு எப்படி விளக்குவது?

அமைப்பு என்று போடலாம் என்று பார்த்தேன். கைப்பேசியைத் திறந்தால் "அமைப்புகள்" பல்சக்கரப் படத்தோடு சிரிக்கிறது. நெறி என்றால் நெறிமாற்றம், ஏதோ வழிதவறிய பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல.

பனங்கூடல் எழுதியது:

வழமை? ஈழத்து எழுத்தில் அன்றாடம் புழங்கும் சொல். "வழமையான மாற்றம்" என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். "வழமை மாற்றம்", வழமையே மாறுவது.

தெருவிளக்கு எழுதியது:

வழமை பழக்கத்தைத்தானே குறிக்கும்? அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பீர் வடிப்பது நடுவணரசுச் சட்டப்படி குற்றமில்லாமல் போனது. வீட்டில் பழகியவர்கள் பலர் பின்னால் சிறு ஆலை தொடங்கினார்கள். அதுபோல "சுவிஸ் மேட்" என்று கடிகாரத்தில் பொறிக்க உற்பத்திச் செலவில் 60 விழுக்காடாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்று 2017இல் விதி இறுகியது. இதெல்லாம் அரசிதழில் வரும் சட்டம். வழமை என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்று ஒரு சட்டமே இருக்கிறது அண்ணா. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தது, நீதிமன்றத்தில் செல்லும். பழக்கம், வழக்கம், சட்டம் மூன்றையும் ஒரே சொல் தாங்குவதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

தெருவிளக்கு எழுதியது:

சரி, அது எனக்குத் தெரியாது. வழமைக்கு என் தடையை எடுத்துக்கொள்கிறேன். மீட்புக்கு எடுக்கவில்லை. இசைத்தட்டை யார் மீட்டார்கள்? 2020இல் அமெரிக்காவில் வினைல் வருவாய் குறுந்தட்டை முந்தியது, 1986க்குப் பிறகு முதல் தடவை. அதற்கு ஒரு மீட்பரைக் காட்டுங்கள்.

ஓய்வூதியன் எழுதியது:

வியாழன் இரவு பத்தரை. கணக்குச் சொல்கிறேன். கைவினைக்கு நால்வர், நுண்வினைக்கு ஒருவர். மீட்புக்கு மூவர், மீளெழுச்சிக்கு ஒருவர், எதற்கும் கை தூக்காதவர் ஒருவர் (ஐயா, உங்களைத்தான்). வழமைக்கு மூவர், "நிறுவனமே இருக்கட்டும், எனக்குத் தூக்கம் வருகிறது" என்று தனிமடலில் இருவர்.

நூலிழை எழுதியது:

"கைவினை மீட்பும் வழமை மாற்றமும்" என்று அனுப்பிவிட்டேன். முதல் பத்தியிலேயே வழமை என்றால் இங்கே என்ன, நிறுவனம் என்றால் என்ன என்று மூன்று வரி சேர்த்திருக்கிறேன். தெருவிளக்கின் வாளியையும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்; மீட்பு என்று சொல்லிவிட்டு, வெளியே வந்தது அதே வாளி இல்லை என்று எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அனைவருக்கும் நன்றி.

பழஞ்சுவடி எழுதியது:

அனுப்பியது அனுப்பியதாகவே இருக்கட்டும். நுண்வினை என்ற என் கருத்து மாறவில்லை, அதைப் பதிவுக்காகச் சொல்கிறேன். ஆனால் அம்மா, உங்கள் முதல் மடலில் "துறை" என்று பொதுவாக எழுதியிருந்தீர்கள், நல்லது. இயலின் உள்ளே தொழில்துறை என்று இருக்கிறதா, தொழிற்றுறை என்று இருக்கிறதா? தொழிற்துறை என்று மட்டும் இருந்துவிடக்கூடாது. கல்+தூண் கற்றூண் என்றால்...

நூலிழை எழுதியது:

ஐயா, 43 இடத்தில் தொழிற்துறை.