முகூர்த்தக் காணொளிகள் முந்தைய நாளின் கோப்புறைக்குப் போகின்றன: இறக்குமதியின்போது பெயரிடுவதில் உதவி தேவை

கேள்வி

வணக்கம். திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகச் செய்து வருகிறேன். மெமரி கார்டிலிருந்து கணினிக்கு இறக்கும்போதே மெட்டாடேட்டாவை (எடுத்த நேரம், கேமரா போன்று கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவல்களை) படித்து, ஆண்டு, மாதம், நாள் வாரியாகக் கோப்புறைகளை உருவாக்கி, எடுத்த நேரத்தையே கோப்பின் பெயராக வைக்கும்படி இறக்குமதி மென்பொருளை அமைத்திருக்கிறேன். அண்மையில் எடுத்த திருமணத்தில் ஜூன் 7 மாலை வரவேற்பு. மறுநாள் அதிகாலை 4:30 முதல் 6:00 வரை முகூர்த்தம். ஒரே மாடல் கேமராக்கள் இரண்டும், காணொளிக்காக உதவியாளரின் கைபேசியும் பயன்பட்டன.

புகைப்படங்கள் எல்லாம் உரிய நாளில் சேர்ந்தன. ஆனால் தாலி கட்டும் காட்சி உள்ளிட்ட சில கைபேசிக் காணொளிகள் 7ஆம் தேதிக் கோப்புறைக்குப் போய் வரவேற்புப் படங்களோடு கலந்துவிட்டன. கைபேசியின் கடிகாரம் சரியாகவே இருக்கிறது. இதோடு, இரு கேமராக்களும் ஒரே நொடியில் எடுத்த படங்களுக்கு ஒரே பெயர் வருவதால், எது எந்தக் கேமராவின் படம் என்று பிரித்தறிய முடியவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

தவறான கோப்புறைக்குப் போன காணொளிகளில் கடைசியாக எடுத்தது எத்தனை மணிக்கு? சரியான கோப்புறையில் இருப்பவற்றுள் முதலாவது எத்தனை மணிக்கு? இந்த இரண்டையும் சொன்னால் காரணத்தை உறுதி செய்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

சரிபார்த்தேன் ஐயா. 5:27க்கு எடுத்ததுவரை 7ஆம் தேதியில் இருக்கின்றன. 5:34க்கு எடுத்தது முதல் 8ஆம் தேதியில் சரியாக உள்ளன.

மறுமொழி 1

அப்படியானால் எல்லைக்கோடு 5:30. இந்திய நேரத்துக்கும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. புகைப்படத்தின் எக்ஸிஃப் பகுதியில், அதாவது கேமரா படத்துக்குள் எழுதும் மெட்டாடேட்டாவில், எடுத்த நேரம் "2025:06:08 05:21:40" என்று, கேமராவின் கடிகாரம் காட்டியபடியே எழுத்தாகப் பதிகிறது. எம்பி4 காணொளியில் அப்படியல்ல; 1904 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக, யூடிசி கணக்கில் நேரத்தைப் பதிய வேண்டும் என்பதே அதன் விதி. ஆகவே அதிகாலை 5:21க்கு எடுத்த காணொளியில் முந்தைய இரவு 11:51 என்றுதான் இருக்கும். உங்கள் மென்பொருள் அதை உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. பகலில் நடக்கும் நிகழ்ச்சியில் தேதி மாறாது என்பதால் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை; முகூர்த்தம் விடியலுக்கு முன் என்பதால்தான் வெளிப்பட்டது. சிங்கப்பூரில் எடுத்திருந்தால் எல்லை காலை 8 மணியாக இருந்திருக்கும்.

இதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி உருவாக்கி 2003 முதல் வழங்கிவரும் இலவசக் கருவி இது. அதில் குவிக்டைம்யூடிசி என்னும் அமைப்பை இயக்கினால், காணொளியின் நேரத்தைக் கணினியின் நேர மண்டலத்துக்கு மாற்றிப் படிக்கும். கணினி இந்திய நேரத்தில் இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபோன் காணொளியாக இருந்தால் கிரியேஷன்டேட் என்னும் தனிக் களத்தில் உள்ளூர் நேரமும் +05:30 என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். அதைக் கொண்டே பெயரிடலாம்.

ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். கேமராக்கள் பலவும் விதியை மீறி, காணொளியிலும் உள்ளூர் நேரத்தையே பதிகின்றன. எல்லாக் காணொளிகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால், மாலை 7 மணிக்குக் கேமராவில் எடுத்த வரவேற்புக் காணொளி நள்ளிரவு 12:30க்கு நகர்ந்து முகூர்த்த நாளில் சேர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு கருவியிலும் கடிகாரத்தைக் காட்டி ஒரு சிறு காணொளி எடுத்து, பதிவான நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விதியை அமையுங்கள்.

மறுமொழி 2

பெயர் மோதலைப் பற்றிச் சொல்கிறேன். கேமராக் கோப்புகளின் பெயருக்கு டிசிஎஃப் என்னும் தரநிலை நான்கு எழுத்துகளையும் 0001 முதல் 9999 வரையிலான எண்ணையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஒரே மாடல் கேமராக்கள் இரண்டு இருந்தால் அந்தப் பெயர்களும் மோதக்கூடும். எடுத்த நேரமும் மோதும். ஆகையால் நேரம், கேமராவின் அடையாளம், கேமரா கொடுத்த எண் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பெயரில் சேர்ப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மாடல் பெயர் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அடையாளமாகச் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை மெட்டாடேட்டாவிலிருந்து எடுக்கலாம். அல்லது பல கேமராக்களில் கோப்புப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மாற்றும் வசதி மெனுவிலேயே இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். கடைசியில் கேமராவின் எண் நிற்பதால், ஒரே நொடியில் தொடர்ச்சியாக எடுத்த படங்களும் வரிசை குலையாது.

எக்ஸிஃப் நேரத்தில் உள்ள முக்காற்புள்ளிகளை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. 20250608_052140 என்ற வடிவத்தைக் கொடுங்கள். ரா கோப்பு (கேமராவின் மூலப் பதிவு), ஜேபிஇஜி, எக்ஸ்எம்பி (திருத்தங்களைக் குறித்துவைக்கும் துணைக் கோப்பு) மூன்றும் ஒன்றாகவே பெயர் மாற வேண்டும். திருத்தத் தொடங்கிய பிறகு மாற்றினால் திருத்தங்கள் படத்தோடு தொடர்பற்றுப் போகும். டார்க்டேபிள் என்னும் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோர், கோப்புறைக்கும் பெயருக்கும் எக்ஸிஃப் என்ற சொல் சேர்ந்த ஆண்டு, மாத மாறிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அது சேராத மாறி, படத்தை இறக்கும் நாளைத்தான் கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

நகல்களின் மீது, பெயரை மாற்றாமல் புதிய பெயரை மட்டும் காட்டும் எக்ஸிஃப்டூலின் டெஸ்ட்நேம் வசதியைக் கொண்டு சோதித்தேன். முகூர்த்தக் கைபேசிக் காணொளிகள் அனைத்தும் 8ஆம் தேதிக்கு வந்துவிட்டன. கேமராக் காணொளிகள் உள்ளூர் நேரத்திலேயே இருந்ததால் அவற்றைத் தனி விதியில் வைத்தேன். மணமகளின் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் மட்டும் எடுத்த நேரமே இல்லை. அவற்றை என்ன செய்வது?

மறுமொழி 1

வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது எக்ஸிஃப் தகவல் நீங்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் படங்களை டாக்குமென்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அவர்களிடம் இருந்தால் நேரமும் சேர்ந்தே வரும். கிடைக்காதவற்றுக்கு ஊகித்து ஒரு நேரத்தை எழுதிவிடாமல், "நேரம் தெரியாதவை" என்று தனிக் கோப்புறையில் வையுங்கள். ஆல்பம் அடுக்கும்போது வீட்டாரிடமே கேட்டு வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.