அப்பாவின் வயிற்றுப்புண் குளிசை: ஆறாம் நாளே நிறுத்தலாமா?

களுதாவளை மகள்:
அப்பாவுக்கு 62 வயது, வெற்றிலைத் தோட்டம். முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் குளிசையைத் தானே வாங்கி மாதக்கணக்கில் போட்டார், பாதி நாள் வெறும் வயிற்றில். போன மாதம் மலம் தார் மாதிரிக் கறுத்தது. வெற்றிலைதான் காரணம் என்று இரண்டு நாள் மறைத்தார். என்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண், புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமியும் இருக்கிறதாம். 14 நாள் மருந்து. நேற்று ஆறாம் நாள். வாய் கசக்கிறது, பால்தேத்தண்ணிகூட ருசியில்லை என்று குளிசைச் சரையை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார். "நோவுதான் இல்லையே" என்கிறார். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

வார்டு அக்கா:
தங்கச்சி, அந்தக் கசப்பு கிருமியைக் கொல்லும் கிளாரித்ரோமைசின் குளிசையால் வருவது, முடிந்ததும் போய்விடும். நோவைத் தணித்தது அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை. கிருமி இன்னும் உள்ளேதான். அரைகுறையாக விட்டால் மிஞ்சியது அடுத்தமுறை மருந்துக்கு அடங்காது. விட்ட வேளைகளை டொக்டரிடம் சொல்லுங்கள். டைக்குளோபினாக்கும் புண்ணாக்கும், அதன் பக்கமே போக வேண்டாம்.

தேனாட்டான்:
அப்பாவுக்கு அவுஸ்திரேலிய டொக்டர் பெரி மார்ஷல் கதையைச் சொல்லுங்கள். புண்ணுக்குக் கவலையும் உறைப்பும்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம். கிருமிதான் காரணம் என்று காட்ட, 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005இல் கூட ஆராய்ந்த ரொபின் வொரனோடு நோபல் பரிசு.

களுதாவளை மகள்:
சொன்னேன். "விசரனா அவன்?" என்று சிரித்துவிட்டு ஏணி வைத்துச் சரையை எடுத்தார்! கிருமி போனது எப்படித் தெரியும்?

வார்டு அக்கா:
மருந்து முடிந்து 4 வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தவேண்டும், டொக்டரைக் கேட்டுத்தான். மலம் மறுபடி கறுத்தால் புண்ணில் இரத்தம் கசிகிறதாக இருக்கலாம், வெற்றிலைக் கதை கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.