பாப் ஃபாஸி இயக்குநரானபோது அவருடைய நடனம் எங்கே போனது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க நடனக் கலைஞர் பாப் ஃபாஸி இயக்கிய ‘காபரே’ (1972) படத்தை அண்மையில் பார்த்தேன்; நாஜிகள் தலையெடுக்கும் காலத்து பெர்லினின் கேளிக்கை விடுதி ஒன்றில் நடக்கும் கதை அது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் இசைப்படங்களில் சிறு வேடங்களில் ஆடிக்கொண்டிருந்தவர் எடுத்த படம் என்பதால், ஆடுபவரின் முழு உடலும் தெரியும்படி நீண்ட ஷாட்டுகளில் நடனம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். படத்திலோ ஒரு முழங்கால், மை தீட்டிய ஒரு கண், புகை, பார்வையாளர் முகம் என்று ஆட்டம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. தான் பயின்ற கலையை இப்படி வெட்ட ஒரு நடனக் கலைஞருக்கு எப்படி மனம் வந்தது? அவர் ஆடிய காலத்துக்கும் இயக்கிய காலத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

விடையின் ஒரு பகுதி அவருடைய இளமையில் இருக்கிறது. 1927-இல் சிகாகோவில் பிறந்த ஃபாஸி, பள்ளி வயதிலேயே அந்நகரின் மலிவான பர்லெஸ்க் (கவர்ச்சி ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சி) அரங்குகளில் ஆடிச் சம்பாதித்தவர். மேடையில் ஆடுபவரையும், அவரைப் பார்க்கும் கண்களின் பசியையும் சேர்த்தே அறிந்து வளர்ந்தவர் என்பதால்தான், ‘காபரே’யில் பார்வையாளர் முகங்களுக்கு அத்தனை இடம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹாலிவுட்டுக்கு வந்தபோது அவர் விரும்பியது, இசைப்படங்களில் ஆடிப் புகழ்பெற்ற ஃப்ரெட் அஸ்டேரைப் போன்ற நட்சத்திரமாவதைத்தான். அது நடக்கவில்லை. ஆனால் ‘கிஸ் மீ கேட்’ (1953) படத்தின் ஒரு பாடலில், கேரல் ஹேனியுடன் தான் ஆடும் ஏறக்குறைய ஒரு நிமிடப் பகுதியை அவரே அமைத்தார். விரல் சொடுக்கும் கூனிய தோளும் திடீரென்று உறைந்து நிற்பதுமாக அந்த ஒரு நிமிடம், சுற்றியுள்ள படத்தோடு ஒட்டாமல் தனியே மின்னுகிறது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் ‘தி பஜாமா கேம்’ இசை நாடகத்துக்கு நடனம் அமைக்கும் வாய்ப்பு அவருக்கு வந்ததற்கு இதுவே வழி திறந்தது.

அவருடைய பாணியே உடற்குறைகளிலிருந்து எழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். முடி கொட்டியதால் தொப்பி வந்தது. பாதங்கள் இயல்பாகவே உள்நோக்கித் திரும்பியிருந்ததால் அந்த முழங்கால் மடிப்பு வந்தது. மணிக்கட்டும் இடுப்பும் தோளும் தனித்தனியே பேசும் ஆட்டம் அது. அத்தகைய ஆட்டத்தைத் தூரத்திலிருந்து முழு உருவமாகக் காட்டினால் பாதி தொலைந்துவிடும். ஆகவே அவர் நடனத்தை வெட்டினார் என்று சொல்வதைவிட, ஏற்கெனவே துண்டு துண்டாக இருந்த நடனத்துக்கு ஏற்ற படத்தொகுப்பைக் கண்டடைந்தார் என்று சொல்வேன்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அந்தக் கண்டடைதல் முதல் படத்தில் நிகழவில்லை. பிராட்வேயில் தாமே இயக்கி வெற்றிபெற்ற ‘ஸ்வீட் சாரிட்டி’யை 1969-இல் படமாக்கியபோது, ஜூம், உறைந்த சட்டகம் என்று கேமரா தானாகத் துள்ளிக் குதித்தது. படம் வசூலில் பெருந்தோல்வி அடைந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அதன் நடனங்கள் மிகச் சிறந்தவை. கதையிலிருந்து அவை விலகி நிற்பதுதான் குறை.

மூன்றாண்டுகள் கழித்து ‘காபரே’யில் அவர் பாடல்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விடுதி மேடைக்குள் அடைத்தார், தோட்டத்தில் நாஜி இளைஞன் பாடும் பாடலே பெரிய விதிவிலக்கு. மேடையில் தொடையையும் ஒருவரையொருவரும் தட்டி ஆடும் நாட்டுப்புற ஆட்டம் நடக்கும்போது, வெளியே விடுதி மேலாளரை நாஜிகள் அடிக்கிறார்கள். கேலி ஆட்டத்தின் தட்டும் தெருவில் விழும் அடியும் ஒரே தாளத்தில் மாறி மாறி வருகின்றன. எந்த எண்ணிக்கையில் வெட்ட வேண்டும் என்பதை உடம்பால் அறிந்த ஒருவரால்தான் அந்தக் காட்சியை அப்படி எடுக்க முடியும். அப்படம் எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. ‘தி காட்ஃபாதர்’ சிறந்த படமாகத் தேர்வான அதே விழாவில், அதன் இயக்குநர் கொப்போலாவை முந்திச் சிறந்த இயக்குநர் விருதை ஃபாஸி வென்றார்.

மறுமொழி 3

ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஃபாஸி வழிபட்ட அஸ்டேர், தலை முதல் பாதம் வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், வெட்டுகள் குறைவாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஆடுபவரின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை அது. ஃபாஸியின் வழியைப் பின்பற்றிய பலர், ஆடத் தெரியாதவரையும் வெட்டிக் கோத்து ஆட வைக்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

ஆயினும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘ஆல் தட் ஜாஸ்’ (1979) படத்தின் தொடக்கத்தில், நடனத் தேர்வுக்கு வந்து மேடையை நிறைக்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொருவராகச் சுழல்கிறார்கள்; வெட்டுக்கு வெட்டு உடல் மாறுகிறது, சுழற்சி நிற்பதில்லை. தேர்வாகாமல் திரும்புபவர்களின் முகத்தையும் அவர் காட்டுகிறார். அந்த வரிசையில் தாமும் நின்றவர் என்பதால்தான் அந்தப் பார்வையில் இரக்கமும் கண்டிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. கேள்வி கேட்ட நண்பர் ‘கிஸ் மீ கேட்’டின் அந்த ஒரு நிமிடத்தை முதலில் பார்த்துவிட்டு, உடனே இந்தத் தொடக்கக் காட்சியைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.