அர்த்தநாரி ஆண்-பெண் எல்லையை அழித்த சாமியா, நூல் பிடித்துப் பிரித்த சாமியா?

பொன்னித்துறை: சென்னை அருங்காட்சியகத்தில், வலப்பாதி சிவனும் இடப்பாதி அம்மனுமாக நிற்கும் திருவெண்காட்டு அர்த்தநாரி செப்புச்சிலை முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். 11ஆம் நூற்றாண்டு வேலை. வலப்பக்கம் தொடையோடு நின்றுவிடும் துணி இடப்பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது, இடது இடுப்பு மட்டும் லேசாக ஒசிந்து நிற்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஆண், பெண் என்ற எல்லையை அழித்தவர்கள் நாம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

குறுக்குச்சால்: அழித்தோமா? நடு உடம்பில் நூல் பிடித்துப் பிரித்திருக்கிறார்கள் சார். அந்தச் சிலையில் கைகளை எண்ணினீர்களா? ஆண் பக்கம் இரண்டு, பெண் பக்கம் ஒன்று. பாதிப் பாதி என்று பேச்சு, பங்கு மட்டும் குறைச்சல். தேவாரத்தில் சம்பந்தர் முதல் அடியிலேயே ‘தோடுடைய செவியன்’ என்கிறார், தோடு அவளுடையது, விகுதி அவனுடையது. மாதொருபாகன், உமையொருபாகன் எல்லாமே அப்படித்தான். பிருங்கி கதையும் புருஷன் பெண்டாட்டி வழக்குதான்: சிவனை மட்டும் சுற்றுவேன் என்று முனிவர் அடம்பிடிக்க, அம்மன் பாதி உடம்பை வாங்கிக்கொண்டாள், அவரோ வண்டாகித் துளைத்துக்கொண்டு போய்ச் சிவன் பாதியை மட்டும் சுற்றினார்.

ஏட்டுச்சுவடி: புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தை மறந்துவிட்டீர்களே. பெருந்தேவனார் பாட்டு. ‘பெண்ணுரு ஒருதிறன் ஆகின்று, அவ்வுருத் தன்னுள் அடக்கிக் கரக்கினும் கரக்கும்.’ பெண் உருவம் ஒரு பக்கமாகத் தெரியவும் செய்யும், உள்ளே போய் மறையவும் செய்யும். நீங்கள் சொல்லும் கோடு நகர்கிறது.

குறுக்குச்சால்: சரி, நல்ல வரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறைப்பது யார்? அவன். ஆணைத் தனக்குள் ஒளித்துக்கொண்ட அம்மன் சிலை ஒன்று காட்டுங்கள், பார்ப்போம்.

சித்திரைநிலா: எனக்குச் சிலை தெரியாது, நான் திருநங்கை, கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகத்துக்குப் போகிறவள். பாரதப் போர் ஜெயிக்க அர்ச்சுனன் மகன் அரவானைப் பலி கொடுக்க வேண்டும், அவனோ ஒரு நாளாவது கல்யாணம் ஆகிச் சாகிறேன் என்கிறான், மறுநாள் தாலி அறுக்க எந்தப் பெண்ணும் வரவில்லை, அதனால் கிருஷ்ணரே மோகினியாக வந்து கட்டிக்கொண்டார். இங்கே பாதி கீதி கிடையாது, முழுசாக மாறுகிறார். அர்த்தநாரி கோயில் இருக்கிற திருச்செங்கோட்டு மலைக்கும் போயிருக்கிறேன், கும்பிட்டுவிட்டுப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு இறங்கிவிட்டேன். கூவாகத்தில் பூசாரி தாலி கட்டும்போது கழுத்தெல்லாம் வேர்த்தது. மறுநாள் அதை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அழுதது நடிப்பும் இல்லை. அங்கே கூத்தாண்டவருக்கு, அதாவது அரவானுக்குத்தான், மீசை வைத்த பெரிய தலை இருக்கிறது. மோகினி யார் என்று கேட்டால், அன்றைக்கு நாங்கள்தான்.

குறுக்குச்சால்: இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. ஆனால் பிருங்கி விஷயத்தில் சொன்னது சொன்னதுதான்.